நிறத்துக்குக் கீழே இருக்கிறது சங்கதி

"அலுமினியம்தான் துருப்பிடிக்காதே, அதற்கு எதற்குப் பூச்சு?" வீடு கட்டுகிறவர்கள் ஜன்னலுக்கான விலைப்பட்டியலைப் பார்த்ததும் கேட்கிற கேள்வி இது. நியாயமான கேள்விதான். லண்டன் பிக்கடிலி சர்க்கஸில் உள்ள ஈராஸ் சிலையை 1893இல் அலுமினியத்தில் வார்த்து நிறுத்தினார்கள். கரிப்புகையும் மழையும் ஓயாத ஊரில், அவ்வப்போது நடந்த பழுதுபார்ப்புகளோடு, அது இன்றும் நிற்கிறது. ரோம் நகரின் சான் ஜொவாக்கினோ தேவாலயக் குவிமாடத்தின் மேல் 1890களின் இறுதியில் வேய்ந்த அலுமினியத் தகடும் நூறாண்டு தாண்டிவிட்டது.

சென்னையில் கடற்கரையை ஒட்டிய அடுக்குமாடி வீடுகளில் நிலைமை வேறு. பூச்சில்லாத பழைய ஜன்னல் சட்டங்களைத் தடவினால் கை சொரசொரக்கும். சாம்பல் பூத்து, வெண்ணிறப் பொருக்குகளும் ஊசிமுனைக் குழிகளுமாக இருக்கும். பவுடர் கோட்டிங் செய்த ஜன்னல்களிலும் இரண்டு விதம் உண்டு. ஒன்று, பல ஆண்டுகள் கழித்தும் நிறம் கொஞ்சம் மங்கியதோடு சரி. இன்னொன்று, சில ஆண்டுகளிலேயே மூலைகளில் கொப்பளித்து, நகத்தால் நெம்பினால் தோலாக உரிந்து வரும். கடையில் வாங்கியபோது இரண்டும் ஒரே மாதிரிதான் மின்னியிருக்கும். வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தது.

தானே போட்டுக்கொள்ளும் கவசம்

அலுமினியம் ஆக்சிஜனோடு மிக எளிதில் சேரும் உலோகம். வெட்டிய முகம் காற்றில் பட்ட மாத்திரத்தில் அதன்மேல் அலுமினியம் ஆக்சைடு படலம் படர்ந்துவிடுகிறது. அதன் கனம் சில நானோமீட்டர்தான். இரும்பின் துரு பொருக்காக உதிர்ந்து அடுத்த அடுக்கைக் காற்றுக்குக் காட்டிக்கொடுக்கும். அலுமினியத்தின் ஆக்சைடோ உலோகத்தை இறுகப் பற்றிக்கொண்டு மேற்கொண்டு ஆக்சிஜன் நுழையாமல் தடுக்கிறது. கீறினாலும் கீறல் உடனே மூடிக்கொள்ளும். ஈராஸ் சிலையைக் காப்பாற்றியது இதுதான்.

இந்தக் கவசத்துக்கு இரண்டு பலவீனங்கள். முதலாவது, அது அமிலத்திலும் கரையும், காரத்திலும் கரையும். ஏறத்தாழ 4க்கும் 8.5க்கும் இடைப்பட்ட பி.எச். அளவில்தான் அது நிலைத்திருக்கும். ஈரச் சிமென்டின் பி.எச். 12க்கும் மேல். இரண்டாவது பலவீனம் குளோரைடு. உப்பிலுள்ள குளோரைடு அயனிகள் படலத்தின் மெல்லிய இடங்களைத் துளைத்து உள்ளே போகின்றன. துளைக்குள் அமிலத்தன்மை கூடுகிறது. அதனால் அங்கே படலம் மீண்டும் உருவாக முடிவதில்லை. குழி ஆழமாகிறது.

கடலோரத்தில் இதற்கு மழைகூடத் தேவையில்லை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு தானாகவே காற்றிலிருந்து நீரை உறிஞ்சிக் கரைசலாகிவிடும். கடலுப்போடு கலந்து வரும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் தூத்துக்குடியிலும் பல இரவுகளில் ஈரப்பதம் இந்த அளவுகளைத் தாண்டிவிடுகிறது. பார்வைக்குக் காய்ந்து கிடக்கும் ஜன்னல், இரவெல்லாம் மெல்லிய உப்புநீரில் ஊறிக்கொண்டிருக்கிறது. அழகுக்கு மட்டுமன்றி, உப்பை உலோகத்திடம் அண்டவிடாமல் வைப்பதற்கும் பூச்சு வேண்டியிருப்பது இதனால்தான்.

தொட்டிகளில் நடக்கும் வேலை

பவுடர் கோட்டிங் என்றதும் நினைவுக்கு வருவது கன் பிடித்துத் தூள் அடிக்கும் காட்சி. பூச்சின் ஆயுளோ அதற்கு முன்பே, தொட்டிகளில் முடிவாகிவிடுகிறது.

ஜன்னல் செக்‌ஷன்கள் பெரும்பாலும் 6063 என்ற கலவையில் வருபவை. அலுமினியத்தோடு சிறிதளவு மெக்னீசியமும் சிலிக்கனும் சேர்த்து, சூடான கட்டியை அச்சுத்துளை வழியாகப் பிதுக்கி எடுக்கிறார்கள். அப்படிப் பிதுங்கி வரும்போது மேற்பரப்பில் எண்ணெய்ப்பிசுக்கு, பழைய ஆக்சைடு, நசுங்கிய உலோகத் துணுக்குகள் எல்லாம் அப்பிக்கொள்கின்றன. இந்த அழுக்குத் தோலின்மேல் எவ்வளவு உயர்ந்த தூளை அடித்தாலும் அது அழுக்கோடுதான் ஒட்டியிருக்கும்.

அதனால் முதலில் பிசுக்கு நீக்குகிறார்கள். அடுத்து காரத்திலோ அமிலத்திலோ அமிழ்த்தி மேல்தோலைக் கரைக்கிறார்கள். கட்டடங்களுக்கான பூச்சுத் தரத்தை வகுக்கும், சூரிச் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட குவாலிகோட் அமைப்பு, கடலோரப் பயன்பாட்டுக்கு ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது 2 கிராம் உலோகத்தையாவது கரைத்தெடுக்க வேண்டும் என்கிறது. கணக்குப் போட்டால் ஆழம் முக்கால் மைக்ரான்கூட வராது. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இந்த முக்கால் மைக்ரானைத் தவிர்ப்பதில் மிச்சமாகும் காசுதான் பின்னாளில் மூலைகளில் கொப்பளமாக வந்து நிற்கிறது.

காரத் தொட்டியிலிருந்து வரும் உலோகத்தின்மேல் கரையாத கலப்புகள் கருஞ்சாம்பலாகப் படிந்திருக்கும். அதை அமிலத்தில் நீக்கிக் கழுவியதும் முக்கியமான கட்டம் வருகிறது. உலோகத்துக்கும் பூச்சுக்கும் நடுவே இரண்டையும் பற்றிக்கொள்ளும் மெல்லிய வேதிப்படலம் ஒன்றை வளர்க்க வேண்டும். நெடுங்காலம் இதற்குக் கைகொடுத்தது குரோமேட். மங்கலான பொன்மஞ்சள் நிறத்தில் படியும் அந்தப் படலத்தின் திறமையில் குறை சொல்ல முடியாது. ஆனால் அதற்கு வேண்டிய ஆறிணைதிறக் குரோமியம் புற்றுநோயை உண்டாக்கும் பொருள். ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலை ஒன்று விட்டுச்சென்ற கழிவுக் குவியல் நிலத்தடி நீரைக் கெடுத்ததைத் தமிழ்நாடு அறியும். இன்று பல ஆலைகள் சிர்கோனியம், டைட்டானியம் சேர்மங்களைக் கொண்ட குரோமியமற்ற முறைகளுக்கு மாறிவிட்டன. இந்தப் படலங்களில் பல கண்ணுக்குத் தெரிவதே இல்லை. மஞ்சள் நிறத்தைப் பார்த்துத் திருப்தியடைந்த பழைய காலம் போல இப்போது முடியாது. சோதனைக்கூடம் இருந்தே ஆக வேண்டும்.

இரும்புக்கு வைத்திருக்கும் துத்தநாகப் பாஸ்பேட் தொட்டி வரிசையில் அலுமினியத்தையும் ஒரு முக்கு முக்கி எடுப்பது இதற்கு ஈடாகாது. அலுமினியத்துக்கு அதற்கென்று அமைத்த தொட்டிகள் வேண்டும்.

கடைசிக் கழுவலுக்கு எந்தத் தண்ணீர் என்பதிலும் விஷயம் உண்டு. உப்பு கலந்த போர்வெல் நீரில் கழுவிக் காயவைத்தால், நீர் ஆவியாகிப் போய் உப்பு மட்டும் தங்கும். எந்தப் பூச்சும் முழுக்க நீர்புகாதது அல்ல. நீராவி மெதுவாக அதனூடே போய்வந்துகொண்டுதான் இருக்கும். அடியில் உப்பு இருந்தால் சவ்வூடு பரவல் காரணமாக அது நீரை இழுத்துச் சேர்த்துக்கொள்ளும். பூச்சு கொப்பளமாக எழும்பும். ஆகவேதான் இறுதியில் தாது நீக்கிய நீரில் கழுவுகிறார்கள்.

தூள் எப்படித் தாவி ஒட்டுகிறது?

1950களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் எர்வின் கெம்மர் ஒரு முறையைக் கண்டுபிடித்தார். பிளாஸ்டிக் தூள் நிரம்பிய தொட்டியின் அடியிலிருந்து காற்றைச் செலுத்தினால் தூள் திரவம் போலத் தளும்பும். சூடேற்றிய உலோகத்தை அதில் முக்கினால் தூள் உருகி ஒட்டும். பூச்சு தடிமனாக வந்ததால் குழாய்களுக்கும் கம்பிகளுக்கும் அது பொருத்தமாக இருந்தது. 1960களில் மின்னேற்றம் செய்து தூவும் முறை வந்த பிறகே ஜன்னல், குளிர்சாதனப் பெட்டி, சைக்கிள் என்று மெல்லிய பூச்சு வேண்டிய எல்லாவற்றுக்கும் வழி திறந்தது.

தூள் என்பது வெறும் நிறமி இல்லை. பாலியெஸ்டர் ரெசின், அதை இறுகச் செய்யும் கடினப்படுத்தி, நிறமி, பரவலைச் சீராக்கும் சேர்மானங்கள் எல்லாவற்றையும் உருக்கிப் பிசைந்து, குளிரவைத்து, அரைத்துச் சலித்தது அது. ஒவ்வொரு துகளிலும் பூச்சுக்கு வேண்டிய எல்லாமே இருக்கும். துகள்களின் சராசரி விட்டம் 30 முதல் 40 மைக்ரான் வரை.

கன்னின் முனையில் 60,000 முதல் 1,00,000 வோல்ட் வரை மின்னழுத்தம். மின்னோட்டம் மைக்ரோ ஆம்பியர் கணக்கில்தான். முனையைச் சுற்றியுள்ள காற்று அயனியாகி, கடந்து போகும் துகள்களுக்கு எதிர்மின்னேற்றம் தருகிறது. ஹூக்கில் தொங்கும் செக்‌ஷன் எர்த் செய்யப்பட்டிருப்பதால் துகள்கள் அதை நோக்கி ஓடி அப்பிக்கொள்கின்றன. முன்பக்கம் அடித்தாலும் பின்பக்கம் வரை வளைந்து போய் ஒட்டும். ஒட்டாமல் விழுந்த தூளைச் சேர்த்துச் சலித்து மறுபடியும் பயன்படுத்தலாம். கரைப்பான் இல்லாததால் தின்னர் வாடையும் இல்லை. காற்றில் கலக்கும் நச்சும் மிகக் குறைவு.

இந்த முறைக்கும் ஒரு முரண்டு உண்டு. மின்புலக் கோடுகள் முனைகளிலும் விளிம்புகளிலும் குவியும், குறுகிய பள்ளங்களுக்குள் நுழையாது. இதை ஃபாரடே கூண்டு விளைவு என்பார்கள். நகரும் ஜன்னலின் அடித்தண்டவாளத்தின் உள்மூலைகளில் பூச்சு மெலிந்து போவது இதனால்தான். மழைநீரும் தூசியும் தேங்குவதும் அங்கேதான். மின்னழுத்தத்தைக் குறைத்து, கோணம் மாற்றிப் பொறுமையாக அடிக்கிறவரின் கைத்திறன் அந்த மூலைகளில் வெளிப்படும். ஹூக்கில் பழைய பூச்சு ஏறி எர்த் சரியாகக் கிடைக்காவிட்டால் தூள் ஒட்டாமல் நழுவும். ஹூக்குகளைச் சுத்தமாக வைத்திருக்கிறார்களா என்று பார்த்தாலே ஒரு பட்டறையின் ஒழுங்கு தெரிந்துவிடும்.

ஓவனுக்குள்

அடித்த தூள் இந்தக் கட்டத்தில் வெறும் தூசிதான். விரலால் தொட்டால் கலைந்துவிடும். 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் ஓவனுக்குள் போனதும் அது உருகி, ஓடிக் கலந்து, ஒரே படலமாகிறது. பிறகு ரெசின் சங்கிலிகளும் கடினப்படுத்தியும் வேதிவினை புரிந்து குறுக்கும் நெடுக்குமாகப் பிணைந்துகொள்கின்றன. மாவு ஒருமுறை வெந்து இட்லியான பின் மறுபடி சூடாக்கினால் மாவாகாது அல்லவா, அதுபோல இந்தப் படலமும் இனி உருகாது.

இந்தப் பிணைப்பு முழுமையாக நடக்க, உலோகம் அந்தச் சூட்டை எட்டிய பிறகு 10 நிமிடமோ அதற்கு மேலோ அங்கேயே இருக்க வேண்டும். காற்றின் வெப்பம் 200 டிகிரியைக் காட்டினால் போதாது. கனமான செக்‌ஷன் சூடேற நேரமாகும். எரிபொருளை மிச்சப்படுத்த அவசரமாக வெளியே எடுத்தால், பார்வைக்குக் குறை தெரியாது, ஆனால் பூச்சு நொறுங்கும் தன்மையோடு இருக்கும். அதிகம் வெந்தால் நிறம் பழுக்கும்.

இவ்வளவு சூட்டில் அலுமினியத்தின் வலு போய்விடாதா என்று கேட்கலாம். 6063 கலவைக்கு வலுவூட்டுவதே ஏறத்தாழ 175 டிகிரியில் பல மணிநேரம் வைத்துத்தான். ஓவனில் கழியும் சில நிமிடங்கள் அதைப் பெரிதாக அசைப்பதில்லை.

வெயில் ஒரு பக்கம், உப்பு ஒரு பக்கம்

வீட்டில் மாட்டிய பிறகு பூச்சைத் தேய்ப்பவை இரண்டு. வெயில் மேலிருந்து தின்கிறது. உப்பு அடியிலிருந்து தின்கிறது.

வெயிலின் புறஊதாக் கதிர்கள் ரெசின் சங்கிலிகளை மேற்பரப்பில் அறுக்கின்றன. பிடிப்பிழந்த நிறமி வெண்தூளாகக் கையில் ஒட்டும். சுண்ணாம்புபோல் பூப்பதாகத் தோன்றும் இந்த மாற்றம் மேல் அடுக்கில் மட்டும் நடப்பது. அழகு குறையுமே தவிர உலோகத்துக்கு உடனடி ஆபத்தில்லை. எவ்வளவு வேகமாக நடக்கும் என்பது ரெசினைப் பொறுத்தது. எபாக்சி தூள் உறுதியானது, ஆனால் அதன் மூலக்கூறு புறஊதாக் கதிரை உறிஞ்சிச் சிதைவதால் வெளியில் வைத்தால் விரைவிலேயே பூத்துவிடும். எபாக்சியும் பாலியெஸ்டரும் கலந்த தூளும் அறைக்குள் வைக்கும் பொருட்களுக்கே உரியது. வெளி ஜன்னலுக்குக் கலப்பில்லாத பாலியெஸ்டர் வேண்டும். அதைவிட உயர்ந்தவை ஃபுளோரின் சேர்ந்த ரெசின்கள். கார்பன்–ஃபுளோரின் பிணைப்பை வெயில் எளிதில் அறுக்க முடியாது.

உப்பின் வேலை மறைவானது. செக்‌ஷன்களை நீளமாகவே பூச்சடித்து வைத்துவிட்டு, பிறகு ஃபாப்ரிகேட்டர் வெட்டி, துளையிட்டு, மூலை சேர்க்கிறார். வெட்டிய முகங்களும் திருகுத் துளைகளும் வெறும் உலோகமாகவே இருக்கின்றன. அங்கே உப்பு இறங்கியதும் பூச்சுக்கு அடியில் புழு ஊர்ந்த தடம்போல் மெல்லிய கோடுகள் கிளம்பும். இழை அரிப்பு என்று இதைச் சொல்லலாம். இழையின் தலைப்பகுதியில் ஆக்சிஜன் குறைவு, குளோரைடும் அமிலமும் அதிகம். வால் பகுதியில் ஆக்சிஜன் அதிகம். இந்த ஏற்றத்தாழ்வே ஒரு சிறிய மின்கலமாகி, தலை முன்னேறிக்கொண்டே போகிறது. பின்னால் வெண்ணிற அலுமினியம் ஹைட்ராக்சைடு தங்கிப் பூச்சைத் தூக்குகிறது. அடியில் நல்ல வேதிப்படலம் இருந்தால் இழை சில மில்லிமீட்டரில் திணறி நின்றுவிடும். அது இல்லாத இடத்தில் தாராளமாக ஓடும். தொட்டியில் மிச்சப்படுத்தியதற்கு இங்கே கணக்குத் தீர்க்கப்படுகிறது.

வாங்கும்போது என்ன கேட்பது?

நிற அட்டையைப் புரட்டுவதற்கு முன் நாலு கேள்வி கேளுங்கள். அலுமினியத்துக்கென்று தனி முன்சிகிச்சை உண்டா, என்ன படலம் போடுகிறீர்கள்? தூள் வெளிப்பயன்பாட்டுக்கான பாலியெஸ்டரா? பூச்சின் கனம் எவ்வளவு? எந்தத் தரத்துக்குச் சோதிக்கப்பட்டது?

கனத்தை ஒரு சிறு கருவி வைத்து நொடியில் அளந்துவிடலாம். வழக்கமான பாலியெஸ்டருக்குச் சராசரி 60 மைக்ரானுக்குக் குறையக் கூடாது. அளவுக்கு மீறினாலும் தோல் ஆரஞ்சுப்பழம் போலாகிவிடும், வளைத்தால் விரிசலும் விடலாம். தரத்தைப் பொறுத்தவரை, உலகம் முழுக்க ஃபுளோரிடா மாநிலத்தின் வெயிலையும் ஈரத்தையும் அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். குவாலிகோட் முதல் வகுப்புத் தூள் அங்கே ஓராண்டு வெயிலில் கிடந்தும் பாதிப் பளபளப்பையாவது காக்க வேண்டும். இரண்டாம் வகுப்புக்கு 3 ஆண்டு. அமெரிக்காவின் ஏ.ஏ.எம்.ஏ. 2604 தரத்துக்கு வெயில் சோதனைக் காலம் 5 ஆண்டு, 2605 தரத்துக்கு 10 ஆண்டு. தமிழ்நாட்டு வெயிலும் ஃபுளோரிடாவுக்கு இளைத்ததல்ல. மேற்கு பார்த்த சுவருக்கும் மாடி முகப்புக்கும் உயர்ந்த வகுப்பைக் கேட்பதில் தவறில்லை.

ஒட்டுதலைச் சோதிக்க ஆய்வகங்களில் நம் வீட்டுப் பிரஷர் குக்கரையே பயன்படுத்துகிறார்கள். மாதிரித் துண்டை ஒரு மணிநேரம் குக்கருக்குள் வைத்து எடுத்து, கட்டம் கட்டமாகக் கீறி, டேப் ஒட்டி வெடுக்கென்று பிய்ப்பார்கள். கொப்பளமோ உரிதலோ இருக்கக் கூடாது. தரமான பட்டறையில் இந்தச் சோதனை அன்றாட வேலை.

கட்டட வேலை முடியும் வரை

பூச்சுக்கு வரும் சேதத்தில் பெரும்பங்கு வீடு குடிபுகுமுன்பே நடந்துவிடுகிறது. சிமென்டும் சுண்ணாம்பும் சட்டத்தில் தெறித்தால் ஈரமாக இருக்கும்போதே துடைத்துக் கழுவ வேண்டும். காய்ந்த பிறகு சுரண்டினால் கீறல் விழும். பாதுகாப்புக்கு ஒட்டிய டேப்பை மாதக்கணக்கில் வெயிலில் விட்டால் பசை சட்டத்திலேயே இறுகிவிடும். அதை எடுக்கத் தின்னர் ஊற்றினால் பளபளப்பும் சேர்ந்து போகும்.

டைல்ஸ் போட்டு முடித்ததும் ஆசிட் ஊற்றிக் கழுவும் பழக்கம் இருக்கிறதே, அது ஜன்னலுக்குப் பெரும் பகை. அமிலம் நேரே படாவிட்டாலும், அடைத்த அறையில் எழும் ஹைட்ரோகுளோரிக் ஆவி வெட்டுமுனைகளில் போய்ப் படியும். கேட்டு வாங்க வேண்டியது இன்னும் மூன்று: வெட்டிய முனைகளில் சீலன்ட், வினிகர் வாடை அடிக்காத நடுநிலை சிலிக்கோன், இரும்புக்குப் பதில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகு.

கழுவுவதுதான் வைத்தியம்

நாம் நினைப்பதற்கு மாறாக, மழையில் நனையும் ஜன்னலைவிட மழையே படாத ஜன்னல்தான் சீக்கிரம் கெடும். மழை உப்பைக் கழுவிக்கொண்டு போகிறது. சன்ஷேடுக்கு அடியிலும் பால்கனியின் உட்பக்கத்திலும் உப்பு வருடக்கணக்கில் சேர்ந்து, இரவுதோறும் ஈரமாகிறது. அந்த இடங்களை நாம்தான் கழுவ வேண்டும்.

கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஊர்களில் ஆண்டுக்கு ஒருமுறையாவது கழுவுங்கள். கடலோரத்திலும் தொழிற்சாலைப் பகுதியிலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. முதலில் தண்ணீர் விட்டு மணலையும் தூசியையும் ஓடவிடுங்கள். காய்ந்த துணியால் துடைத்தால் மணலே உப்புத்தாளாகிவிடும். பிறகு காரமில்லாத சோப்பைக் கரைத்து, மிருதுவான துணியால் துடைத்து, நல்ல தண்ணீரில் மறுபடி அலசுங்கள். உப்புத் தண்ணீர் போர்வெல் உள்ள வீடுகளில் கடைசி அலசலுக்காவது குடிநீர் பயன்படுத்தலாம். சட்டம் வெயிலில் சுடும்போது வேண்டாம், காலையிலோ மாலையிலோ செய்யுங்கள். அடித்தண்டவாளத்தில் நீர் வடியும் துளைகளைக் குச்சியால் குத்தி அடைப்பு நீக்குங்கள்.

கம்பி நார், சுரண்டும் பவுடர், கழிப்பறை ஆசிட், பிளீச்சிங் கரைசல், அசிட்டோன், தின்னர் ஆகியவை பக்கத்திலேயே வரக் கூடாது. எண்ணெய்க்கறை போகவில்லை என்றால், மறைவான இடத்தில் சோதித்துப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் மெதுவாகத் துடைத்து உடனே அலசிவிடலாம். மங்கிப் பூத்த பூச்சுக்கு, சுரண்டும் பொருள் கலக்காத கார் மெழுகு ஓரளவு உயிர் கொடுக்கும். ஆழமான கீறலைத் தள்ளிப்போடாமல் சுத்தம் செய்து டச்-அப் பெயின்ட் வைத்து மூடுங்கள். காலப்போக்கில் அந்த இடம் சற்று வேறு நிறமாகத் தெரியும். ஆனால் உப்பு நுழையும் வழி அடைபட்டிருக்கும்.

பவுடர் கோட்டிங் ஆயுளுக்கும் காக்கும் மந்திரம் அல்ல. அது நல்ல அடித்தளமும் முறையான சூடும் கிடைத்தால் பல ஆண்டு உழைக்கும் 60 மைக்ரான் பிளாஸ்டிக். அடித்தளத்தை வாங்கும் நாளில் கேட்டுப் பெற வேண்டும். அதன்பின் நம்மிடம் அது எதிர்பார்ப்பது ஒரு வாளித் தண்ணீர், ஒரு பருத்தித் துணி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரைமணி நேரம். விலையுயர்ந்த எந்தப் பாலிஷும் இதற்கு மாற்றாகாது.